பழைய கன்சோல் கேம்களுக்கு எந்த எமுலேட்டர்? வீட்டுக் கணினிக்கு ஒரு முழு வழிகாட்டி

"எந்த எமுலேட்டர் நல்லது?" என்ற கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. சொல்கிறவர் எந்த கேமை, எந்தக் கணினியில் ஓட்டினார் என்று தெரியாமல் அவர் சொல்லும் பெயரால் உங்களுக்குப் பயனும் இல்லை. இணையத்தில் சுற்றும் 'டாப் 10' பட்டியல்களில் இன்னமும் இசட்ஸ்னெஸ், இபிஎஸ்எக்ஸ்இ, கேகா ஃப்யூஷன் என்று, வேலை நின்றுபோய்ப் பல வருடங்களான மென்பொருள்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் அவை ராஜா. இப்போது புதிதாக ஆரம்பிக்கிறவர் அவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

எமுலேட்டர் என்பது பழைய கன்சோலுக்குள் இருந்த செயலி, படச் சில்லு, ஒலிச் சில்லு எல்லாவற்றின் வேலையையும் மென்பொருளாகச் செய்துகாட்டும் புரோகிராம். அதனால் தேர்வு கேமிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கேமிலிருந்து கன்சோல், அப்புறம் உங்கள் கணினி, கடைசியில்தான் எமுலேட்டர்.

படி 1: கேமின் பெயரை முதலில் எழுதுங்கள்

"எல்லா கேமும் ஓடணும்" என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் இறக்கிக்கொண்டும் நிறுவிக்கொண்டும் இருப்பீர்கள், ஆடியிருக்க மாட்டீர்கள். நிஜமாகவே ஆட நினைக்கும் மூன்று நான்கு கேம்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்தக் கன்சோலில் வந்தது என்று பாருங்கள்.

நினைவு மட்டும் இருந்து பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தொண்ணூறுகளில் நம் ஊரில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டி பெரும்பாலும் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருந்த கேசட்டில் இருந்த கான்ட்ரா, மாரியோ, டாங்கி கேம் எல்லாம் ஃபேமிகாம் கேம்கள்தான். டாங்கி கேமின் உண்மைப் பெயர் பேட்டில் சிட்டி; நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 9999 என்பது வெறும் கண்கட்டு. சில டஜன் கேம்களே பெயர் மாறியும், நடுக் கட்டத்திலிருந்து தொடங்கும்படியும் திரும்பத் திரும்ப வரும். கேம் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டிவி முன் உட்கார்ந்து ஆடியது பிளேஸ்டேஷன் 1 அல்லது 2. நின்றுகொண்டு டோக்கன் போட்டு ஆடிய பெரிய பெட்டி ஆர்கேட். அதற்கு வேறு எமுலேட்டர், வேறு தலைவலி.

பழைய கன்சோல் என்றால் சுலபம், புதியது என்றால் கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1994-இல் வந்த சேகா சாட்டர்னில் இரண்டு பிரதான செயலிகள், இரண்டு வீடியோ சில்லுகள். எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று தப்பாமல் ஓட்டுவது இன்றைக்கும் பாடுதான். 1996-இன் நின்டெண்டோ 64-இல் கேம் எழுதியவர்களே படச் சில்லுக்கான உள் நிரலை மாற்றிக்கொள்ள முடிந்தது, அதனால் கேமுக்கு கேம் ஒரு சிக்கல். ஆனால் 2004-இல் வந்த பிஎஸ்பி சாதாரணக் கைப்பேசியிலேயே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சாட்டர்ன் கேம் உங்கள் பட்டியலில் இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

படி 2: கணினியின் நிலவரத்தைப் பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் செயலியின் முழுப் பெயர், ரேம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் எது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டருக்கு அதிகம் வேண்டியது, செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒரு கோரின் வேகம். கன்சோலின் சில்லுகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தவை. அந்த வேலையை எட்டு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். அதனால் மெதுவான எட்டு கோரைவிட வேகமான நாலு கோர் மேல். தனி கிராஃபிக்ஸ் கார்டு 8-பிட் (ஃபேமிகாம் காலம்), 16-பிட் (சூப்பர் நின்டெண்டோ காலம்) கேம்களுக்குத் தேவையே இல்லை; முப்பரிமாண கேம்களைப் பெரிய தெளிவில் ஓட்டும்போதுதான் அதற்கு வேலை.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 2 அல்லது 4 ஜிபி ரேம், பழைய டூயல் கோர் செயலி என்றால், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை போல, ஃபேமிகாம், சூப்பர் நின்டெண்டோ, சேகாவின் மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ் எல்லாம் ஓடும்; இலகுவான எமுலேட்டரைத் தேர்ந்தால் பிளேஸ்டேஷன் 1-உம் ஓடும். நாலாம் தலைமுறை ஐ3, ஐ5 இருந்து கிராஃபிக்ஸ் இன்டெல் உள்ளிணைப்புதான் என்றால் பிஎஸ்பி, டிரீம்காஸ்ட் வரை கவலை இல்லை. பிளேஸ்டேஷன் 2 கேம்களில் இலகுவானவை மட்டும். எட்டாம் தலைமுறைக்கு மேல் ஐ5, அல்லது ரைசன் என்றால் பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வரை துணிந்து இறங்கலாம்.

விண்டோஸ் 7 அல்லது 32-பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 1-க்கான டக்ஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2-க்கான இப்போதைய பிசிஎஸ்எக்ஸ்2 இரண்டும் 64-பிட் விண்டோஸ் 10-இலோ அதற்குப் பிந்தையதிலோ மட்டுமே ஓடும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் மட்டும் மிகப் பழைய விண்டோஸுக்கும் தனிப் பதிப்பு கொடுக்கிறது. அந்த மாதிரிக் கணினியில் நாலாம் படியைப் படிக்காமலே ரெட்ரோஆர்ச் என்று முடிவு செய்துவிடலாம்.

மடிக்கணினி என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 2 கேம் இழுத்து இழுத்து ஓடுவதற்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

படி 3: துல்லியமா, வேகமா?

இந்த இடத்தில்தான் எமுலேட்டர்கள் தங்களுக்குள் பிரிகின்றன. சூப்பர் நின்டெண்டோவை எடுத்துக்கொள்வோம். அதன் செயலியின் உச்ச வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். 1997-இல் வந்த இசட்ஸ்னெஸ் அன்றைய பென்டியம் கணினிகளிலேயே அதை ஓட்டியது. எப்படி? கன்சோல் நிஜத்தில் செய்வதை அப்படியே செய்யாமல், முடிவு ஒன்றாக வந்தால் போதும் என்று குறுக்குவழியில் போனது. பெரும்பாலான கேம்களுக்கு அது போதும்.

போதாத கேம்களும் உண்டு. ஏர் ஸ்டிரைக் பெட்ரோல் என்ற விமான கேமில், உங்கள் விமானத்தின் நிழல் தரையில் விழும். டிவி திரையில் ஒரு கோடு பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அமைப்பை மாற்றி அந்த நிழலை உண்டாக்கியிருக்கிறார்கள். முழுக் கோட்டையும் ஒரே வீச்சில் வரைந்துவிடும் எமுலேட்டரில் நிழலே வராது. குண்டு எங்கே விழும் என்று குறிபார்க்க அந்த நிழல் வேண்டும், ஆனால் அது இல்லை என்பதே ஆடுகிறவருக்குத் தெரியாது. ஸ்பீடி கொன்சாலஸ் கேமில் ஒரு பொத்தானை மிதித்தால் கேம் அப்படியே உறைந்துவிடும். ஒன்றுமே இணைக்கப்படாத நினைவக முகவரியை கேம் படிக்கிறது, அங்கே நிஜக் கன்சோலில் என்ன வரும் என்பதை எமுலேட்டர் சரியாகச் சொல்லாவிட்டால் அதோடு முடிந்தது.

இப்படிப்பட்ட ஓரத்துக் குறைகளையெல்லாம் விடாமல் பிடித்துத் திருத்த எழுதப்பட்டது பிஎஸ்நெஸ். பியூ என்ற புனைபெயரில் அதை எழுதியவர், சூப்பர் நின்டெண்டோவைத் துல்லியமாக ஓட்ட 3 கிகாஹெர்ட்ஸ் செயலி வேண்டும் என்று 2011-இல் வாதிட்டார். அசல் செயலியின் வேகத்தைப்போல ஏறக்குறைய 840 மடங்கு! அன்றைக்கு அது பலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு அது சுமையே இல்லை.

எனவே 16-பிட் வரைக்கும் உங்கள் கணினி தாங்கினால் துல்லியமானதையே எடுங்கள். விட்டுக்கொடுக்கக் காரணம் இல்லை. பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் பக்கம் வந்தால் எல்லா எமுலேட்டருமே எங்கோ குறுக்குவழி போகத்தான் செய்கின்றன. அங்கே "துல்லியமா?" என்பதற்குப் பதில் "என் கேம் ஓடுகிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

படி 4: தனி எமுலேட்டரா, ரெட்ரோஆர்ச்சா?

ரெட்ரோஆர்ச் எமுலேட்டர் அல்ல. அது ஒரு முன்தளம். அதற்குள் 'கோர்' என்ற பெயரில் (செயலியின் கோர் அல்ல) ஒவ்வொரு கன்சோலுக்கும் ஓர் எமுலேட்டரை இறக்கிச் செருகிக்கொள்கிறீர்கள். கன்ட்ரோலரை ஒரு தடவை அமைத்தால் எல்லாக் கன்சோலுக்கும் அதுவே. திரை வடிகட்டி, ஒலி, சேவ் எல்லாமே ஒரே இடத்தில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மெனுவுக்குள் முதல்முறை நுழைகிறவருக்கு வழி தெரியாது. ஒரே மாற்றத்தை எல்லா கோருக்கும் சேர்த்தா, இந்தக் கோருக்கு மட்டுமா, இந்த கேமுக்கு மட்டுமா என்று மூன்று தட்டில் சேமிக்கலாம். எதில் சேமித்தோம் என்று மறந்துவிட்டால் குழப்பம்.

என் யோசனை இதுதான். ஒரே ஒரு கன்சோல்தான் வேண்டும் என்றால் தனி எமுலேட்டர். மூன்றுக்கு மேல் பழைய கன்சோல்கள் வேண்டும், அல்லது கணினியை டிவியோடு இணைத்து சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலராலேயே எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்றால் ரெட்ரோஆர்ச். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ (Wii) இவற்றுக்கு எப்போதும் தனி எமுலேட்டர்தான். கோராக வரும் பதிப்புகள் அசலைவிடப் பின்தங்கியே இருக்கும்.

படி 5: கன்சோல் வாரியாக எது?

ஃபேமிகாமுக்கு மெசென். யோசிக்கவே வேண்டாம். அதில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே இருப்பதுபோல் ஓர் அமைப்பு உண்டு. அமெரிக்க, ஜப்பானிய டிவிகள் நொடிக்கு ஏறக்குறைய 60 படம் காட்டுபவை. இந்தியாவின் பால் (PAL) டிவி முறையில் 50. கேம்கள் 60-க்காக எழுதப்பட்டவை. பால் நாடுகளுக்கென்று செய்த நகல் பெட்டிகள் 50 படம் காட்டிக்கொண்டே, செயலியை மட்டும் அசலுக்கு மிக நெருங்கிய வேகத்தில் ஓட்டின. விளைவு: மாரியோ கொஞ்சம் நிதானமாக ஓடுவார், பாட்டின் தாளம் மெதுவாகும், ஆனால் சுருதி இறங்காது. ரஷ்யாவில் இப்படி விற்ற டெண்டி என்ற நகலின் பெயரிலேயே இந்த முறை அழைக்கப்படுகிறது. எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு "சின்ன வயசில் இவ்வளவு வேகமாக இல்லையே" என்று தோன்றுகிறவர்கள், மெசெனின் அமைப்பில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று மாற்றிப் பாருங்கள். அதுதான் உங்கள் வீட்டு டிவி கேம். ஒரு சங்கடம், 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 படம் காட்டினால் திரை நகரும்போது லேசாகத் தடுக்கும். மானிட்டரில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

சூப்பர் நின்டெண்டோவுக்கு பிஎஸ்நெஸ். கணினி தாங்கவில்லை என்றால் ஸ்னெஸ்9எக்ஸ். மெசெனின் இப்போதைய பதிப்பு இதையும் ஓட்டும். கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ. பழைய கேம் பாய் கேம்களையும் அதுவே ஓட்டிவிடும். மெகா டிரைவுக்கு ரெட்ரோஆர்ச்சில் ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோர். தனியாக வேண்டும் என்றால் பிளாஸ்ட்எம்.

பிளேஸ்டேஷன் 1-க்கு டக்ஸ்டேஷன். இதில் பிஜிஎக்ஸ்பி என்ற ஒரு வசதி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 1 கேம்களில் சுவரும் தரையும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கன்சோல் முக்கோணங்களின் மூலைகளைப் பின்னம் இல்லாத முழுப் புள்ளிகளில்தான் வைக்கும். தூரத்துக்கேற்ப மேற்பரப்புப் படத்தைச் சரிசெய்யவும் தெரியாது. பிஜிஎக்ஸ்பியைப் போட்டால் நெளிவு நின்றுவிடும். போடலாமா? முதலில் போடாமல் அரை மணி நேரம் ஆடுங்கள். சில பேய்க் கதை கேம்களில் அந்த நடுக்கமே பாதி பயம். பழைய, வலுவில்லாத கணினி என்றால் டக்ஸ்டேஷனை விட்டுவிட்டு ரெட்ரோஆர்ச்சில் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு கோருக்குப் போங்கள்.

பிளேஸ்டேஷன் 2-க்குப் போட்டியே இல்லை, பிசிஎஸ்எக்ஸ்2. 2024-இல் வந்த 2.0 பதிப்புக்கு முந்தைய வழிகாட்டிகளில் 'பிளக்-இன்' எது போடுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். இப்போது அது எதுவும் கிடையாது, கண்டுகொள்ளாதீர்கள். கிராஃபிக்ஸ் அமைப்பில் உள் தெளிவு (இன்டர்னல் ரெசல்யூஷன்) என்பதை அசல் அளவிலேயே வைத்துத் தொடங்குங்கள். முழு வேகம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். தொடங்கும்போதே நாலு மடங்கு வைத்துவிட்டு "ஓடவே இல்லை" என்பவர்கள்தான் அதிகம்.

கேம்கியூப், வீ இரண்டுக்கும் டால்ஃபின். பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி. டிரீம்காஸ்டுக்கு ஃப்ளைகாஸ்ட். நின்டெண்டோ 64-க்கு ஆரெஸ் அல்லது ரோசலீஸ் மூபென். உங்கள் கிராஃபிக்ஸ், வல்கன் என்ற புதிய வரைகலை முறையைத் தாங்கினால் இரண்டிலுமே படம் அசலுக்கு நெருக்கமாக வரும். சாட்டர்னுக்கு மெட்னஃபென்.

ஆர்கேடுக்கு 1997-இலிருந்து மேம்தான் பெரிய பெயர். அங்கே ஒரு விவகாரம்: கேம் கோப்புத் தொகுப்பு மேமின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். பழைய இயந்திரத்தின் சில்லுகளைத் திரும்ப, இன்னும் சரியாகப் படித்தெடுக்கும்போதெல்லாம் பட்டியலைத் திருத்துகிறார்கள். நேற்று ஓடிய கோப்பு இன்றைய பதிப்பில் "ஒரு துண்டு குறைகிறது" என்று நின்றுவிடும். சண்டை கேம்கள் மட்டும் போதும் என்பவர்கள் ஃபைனல்பர்ன் நியோ பக்கம் போனால் தலைவலி குறையும்.

படி 6: பயாஸ், ரோம், சட்டம்

எமுலேட்டர் எழுதுவதோ வைத்திருப்பதோ குற்றமில்லை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி போட்ட வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2024-இல் ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு மீது நின்டெண்டோ வழக்குப் போட, 24 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு அது கடையை மூடியது. அங்கே பிரச்சினை, கேமின் பூட்டை உடைப்பது பற்றியது. இந்த வழிகாட்டியில் சொல்லும் கன்சோல்களெல்லாம் அதற்கு வெகு முந்தையவை.

கேம் கோப்பான ரோமும், கன்சோலுக்குள் இருந்த தொடக்க மென்பொருளான பயாஸும் வேறு கதை. இரண்டுக்கும் காப்புரிமை உண்டு. கேம் கடையில் கிடைப்பதில்லை என்பதால் காப்புரிமை தீர்ந்துவிடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது தொலைவதற்கோ கெடுவதற்கோ எதிரான காப்பாக நகலெடுக்க அனுமதிக்கிறது. அதாவது உங்களிடம் அசல் வட்டு இருக்க வேண்டும். நம் டிவி கேமின் மஞ்சள் கேசட்டுகளே திருட்டு நகல்கள் என்பதால், அதைக் காட்டி உரிமை கோர முடியாது.

பிளேஸ்டேஷன் 1 வட்டின் அடிப்பக்கம் கருப்பாக இருந்தாலும் சாதாரணக் கணினி டிவிடி டிரைவே அதைப் படித்துவிடும். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் 'வட்டிலிருந்து கோப்பு' என்பதைத் தேர்ந்தால் பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு கோப்புகள் வரும். எமுலேட்டரில் திறக்க வேண்டியது சின்னதான கியூ கோப்பை. இரண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். பெயரை மாற்றினால் பாட்டு வராது, சிலவேளை கேமே வராது. இடம் மிச்சம் பிடிக்க, மேமோடு வரும் சிஎச்டிமேன் என்ற கருவியால் இரண்டையும் சுருக்கி ஒரே சிஎச்டி கோப்பாக்கிவிடலாம். கேசட்டுகளுக்கு ரெட்ரோட் போன்ற தனிக் கருவி வாங்க வேண்டும். கேம்கியூப் வட்டைக் கணினி டிரைவ் படிக்காது.

பயாஸ் எதற்கெல்லாம் வேண்டும்? டக்ஸ்டேஷனுக்கும் பிசிஎஸ்எக்ஸ்2-க்கும் வேண்டும், உங்கள் கன்சோலிலிருந்து எடுத்தது. பிபிஎஸ்எஸ்பிபிக்கும் டால்ஃபினுக்கும் வேண்டாம். பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு தனக்குள்ளேயே ஒரு மாற்று வைத்திருக்கிறது, எல்லா கேமுக்கும் அது ஒத்துவராது.

கையில் அசல் எதுவும் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பழைய கன்சோலுக்கு இன்றும் புதிதாக கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டோபு டோபு கேர்ள் என்ற கேம் பாய் கேம் இலவசம். 2019-இல் வந்த மைக்ரோ மேஜஸ் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஃபேமிகாம் கேம். மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

படி 7: இறக்கி நிறுவுதல்

எமுலேட்டரை அதன் சொந்தத் தளத்திலோ, அதன் அதிகாரபூர்வ கிட்ஹப் பக்கத்திலோ மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரமோ போலித் தளமோதான். நல்ல எமுலேட்டர்கள் அனேகமாக எல்லாமே இலவசம். கைப்பேசி எண் கேட்டாலோ, 'இறக்கி' என்ற பெயரில் இன்னொரு புரோகிராமை முதலில் ஓட்டச் சொன்னாலோ வெளியே வந்துவிடுங்கள்.

சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல், தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் வைப்பது நல்லது. அங்கே போட்டால் சேவ் எழுத விண்டோஸ் அனுமதி தராமல் முரண்டு பிடிக்கும். உள்ளே கேம், பயாஸ், சேவ் என்று மூன்று ஃபோல்டர்கள். டக்ஸ்டேஷனை முதல்முறை திறந்ததும் அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும்: பயாஸ் எங்கே, கேம் எங்கே, கன்ட்ரோலர் எது என்று. கன்ட்ரோலர் பக்கத்தில் தானாக அமைக்கும் பொத்தானை அழுத்தினால் எக்ஸ்பாக்ஸ் வகை, பிளேஸ்டேஷன் 4 வகை இரண்டையுமே அடையாளம் கண்டுகொள்ளும்.

ரெட்ரோஆர்ச்சில் 'லோட் கோர்' என்ற இடத்துக்குள் போய் கோரை இறக்குங்கள், பிறகு 'லோட் கன்டென்ட்' வழியே கேமைத் திறங்கள். விசைப்பலகையில் அம்புக்குறிகள் திசைக்கு, எக்ஸ் விசை ஏ (A) பொத்தானுக்கு, இசட் விசை பி (B) பொத்தானுக்கு, என்டர் ஸ்டார்ட்டுக்கு, வலது ஷிஃப்ட் செலக்டுக்கு. எஃப்1 மெனு, எஃப்2 சேவ், எஃப்4 அந்தச் சேவைத் திரும்ப எடுக்க. விசைப்பலகையோடு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: விலை குறைந்த பலகைகளில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒன்று பதியாது. கான்ட்ராவில் ஓடிக்கொண்டே மேலே சாய்வாகச் சுட்டுக்கொண்டே குதிக்க முடியவில்லை என்றால் எமுலேட்டரைத் திட்டாதீர்கள்.

படி 8: ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

திரையில் வேகம் எத்தனை சதவீதம் என்று காட்டும் வசதியைப் போட்டுவிட்டு பத்து நிமிடம் ஆடுங்கள். 100-இல் நின்றால் சரி. 90-க்கும் 100-க்கும் நடுவே ஊசலாடினால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும், ஒலி கரகரக்கும். ஒலி அமைப்பில் போய்த் தாங்கு நேரத்தை (பஃபர்) கூட்டினால் கரகரப்பு கொஞ்சம் மறையும், ஆனால் கணினி மெதுவாக இருப்பது மாறாது. உள் தெளிவைக் குறையுங்கள், இல்லை இலகுவான எமுலேட்டருக்கு மாறுங்கள்.

அடுத்தது, பொத்தான் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே உள்ள தாமதம். ரெட்ரோஆர்ச்சில் இதை அளந்தே பார்க்கலாம். கேமை பி (P) விசையால் நிறுத்துங்கள். குதிக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கே விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு படம் நகரும். ஆள் மூன்றாவது அழுத்தத்தில் அசைந்தால், முதல் இரண்டு படங்கள் கேமே எடுத்துக்கொள்ளும் தாமதம். ரன்-அஹெட் என்ற அமைப்பில் 2 என்று கொடுத்தால் அது போய்விடும். எமுலேட்டர் அந்த இரண்டு படங்களையும் மறைவாக முன்கூட்டியே ஓட்டிவிடுகிறது. செயலிக்குச் சுமை கூடும், அதனால் 8-பிட், 16-பிட் கேம்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிவியில் இணைத்திருந்தால் அதற்கு முன் டிவியின் கேம் மோடை ஆன் செய்யுங்கள். பாதிக்கு மேல் தாமதம் அங்கேதான் இருக்கும்.

படம் அகலமாக இழுபட்டு, மாரியோ குண்டாகத் தெரிந்தால் விகிதத்தை 4:3 ஆக்குங்கள். 16:9 திரை நிரம்ப இழுத்து ஆடுவதை என்னால் பார்க்கச் சகிப்பதில்லை. அது உங்கள் இஷ்டம். டிவி போன்ற கோடு விழும் வடிகட்டிகள் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். மெகா டிரைவின் சோனிக்கில் முதல் கட்டத்தில் அருவி ஒன்று விழும். நவீனத் திரையில் அது ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கம்பிகள் மாதிரி தெரியும். அன்றைய டிவியில் மஞ்சள் வீடியோ கம்பி வழியே வந்தபோது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். வரைந்தவர்கள் அதை நம்பித்தான் வரைந்தார்கள். ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோரின் அமைப்பில் பிளார்க் என்டிஎஸ்சி வடிகட்டியைப் போட்டால் அருவி திரும்ப வரும். பழைய கணினிக்கும் அது பாரமில்லை.

சந்தேகம் தீராதவர்கள் 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச சோதனை ரோமை ஓட்டிப் பார்க்கலாம். திரை நகர்வு, நிழல், தாமதம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை அதில் உண்டு.

படி 9: சேவ் கோப்புகள்

எமுலேட்டரின் உடனடிச் சேவும், கேமுக்குள்ளேயே இருக்கும் சேவும் வேறுவேறு. உடனடிச் சேவ் என்பது அந்தக் கணத்தில் கன்சோலின் நினைவகம் முழுவதையும் படம்பிடித்து வைப்பது. எமுலேட்டரின் பதிப்பு மாறினால் அந்தப் படம் திறக்காமல் போகலாம். வேறு எமுலேட்டரில் திறக்கவே திறக்காது. கேமுக்குள் சேமித்தது அப்படியல்ல. பிளேஸ்டேஷன் 1-இன் மெமரி கார்டு 128 கிலோபைட் கோப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒரு எமுலேட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகலாம். சூப்பர் நின்டெண்டோ சேவும் அப்படித்தான், பெயர் மட்டும் கேம் கோப்பின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும்.

ஆகவே நீளமான கேம் ஆடும்போது கேமுக்குள்ளும் சேமியுங்கள், வாரம் ஒரு தடவை சேவ் ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுங்கள். பாதி கேமில் இருக்கும்போது எமுலேட்டர் "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று கேட்டால் 'பிறகு' என்று அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.